பல் கட்டும் அத்தானும் துறைமுகப் பாட்டுகளும்

என் அத்தான் தப்பு செய்தாலும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். அளந்து, அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கையை விட்டு விடுவார். அதனால் அவர் செய்த நல்ல வேலைகளைப் போலவே அவர் செய்த அந்த ஒரு தப்பும் வருடக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவருடைய தொழில் பல் கட்டுவது. பல் டாக்டர் இல்லை. யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் திருத்துவார், கூப்பிடாவிட்டால் முகம் சுளிப்பார். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அத்தான் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகால் ஈறு பிடித்து, பற்களை ஒவ்வொன்றாக அதில் நடுவார். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பொடியை ஒரு திரவத்தில் குழைத்து அடைத்து, வெந்நீரில் வேகவைப்பார். ஆறிய பின் உடைத்து எடுத்தால் ஈறும் பல்லுமாக ஒரு வாய் கிடைக்கும். அந்தத் திரவத்தின் நெடி வீடு முழுக்க அடிக்கும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைத் தேய்த்துக்கொள்வார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

எங்களுக்கு என்றால் அக்காவுக்கும் எனக்கும். நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்று, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டு, அக்கா சமைத்ததைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. அத்தான் என்னைச் சின்னவளே என்று கூப்பிடுவார். நரைத்த பிறகும் அப்படித்தான்.

அவருடைய வேலை அறையில் மூன்று பக்கச் சுவரிலும் அலமாரி, அலமாரி முழுக்க பிளாஸ்டர் வாய்கள். அவற்றின் நடுவில் உட்கார்ந்து அவர் ஒருவர்தான் பேசுவார். சுற்றியிருக்கும் வாய்களில் ஒன்றுகூடப் பதில் பேசாது என்பதால்தான் அவருக்கு அந்த அறை அவ்வளவு பிடித்தது என்று நான் சொல்வேன். அக்கா சிரிப்பை அடக்கிக்கொள்வாள். அவருக்கும் சிரிப்பு வரும், ஆனால் கொஞ்ச நேரம் கழித்து வரும்.

பாட்டு இந்த வீட்டுக்குள் வந்தது அக்காவால். கல்யாணத்துக்கு முன் அவள் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தாள். கடையின் மூலையில் கண்ணாடி அடைத்த சின்ன அறை ஒன்று உண்டு. வாங்க வருகிறவர்கள் அங்கே தட்டைப் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். மதியத்தில் கூட்டம் இல்லாதபோது அக்கா உள்ளே போய் உட்கார்ந்து, எந்த மொழி என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கேட்பாள். அப்படிக் கேட்டதில் ஒரு தட்டு அவளைப் பிடித்துக்கொண்டது.

அது ஓர் இத்தாலியப் பாடகருடையது. ஓபரா என்று சொல்வார்களே, ஒரு கதையை முழுக்கப் பாடியே மேடையில் நடத்துவது, அதில் உலகப் பேர் வாங்கியவர். அங்கே மைக் கிடையாது. பெரிய வாத்தியக் கூட்டத்தைத் தாண்டிக் கடைசி வரிசை வரைக்கும் தொண்டை ஒன்றை மட்டும் நம்பிப் போய்ச் சேர வேண்டும். ஆண் குரலில் உச்சத்தில் பாடுகிறவரை டெனர் என்பார்கள். இவர் டெனர். ஆனால் அந்தத் தட்டில் ஓபரா எதுவும் இல்லை. நேப்பிள்ஸ் என்ற துறைமுக நகரத்துப் பழைய பாட்டுகள் இருந்தன. படகு தள்ளுகிறவன், கப்பல் ஏறிப் போகிறவன், மூடின ஜன்னலுக்குக் கீழே நின்று ஒருத்தியைக் கூப்பிடுகிறவன், இவர்கள் பாடுகிற பாட்டுகள். அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் பேசுகிற மொழியிலேயே இருக்கும்.

"அவ்ளோ பெரிய குரலை வச்சுக்கிட்டு அதைக் காட்டாம பாடுறாரு பாரு" என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னாள். "அவரு நினைச்சா, கத்துற கத்துல போன கப்பலே திரும்பி வந்துடும். ஆனா கத்த மாட்டாரு. போறவனைப் போக விட்டுட்டுப் பாடுறாரு."

எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் அவள் அப்படிச் சொன்ன பிறகு கேட்டபோது, போகிறவனைப் பார்த்துக்கொண்டு ஒருவர் கரையில் நிற்பது எனக்கும் தெரிந்தது. பெரிய மேடையில் ராஜாவாகவும் வீரனாகவும் நின்றவர், இங்கே அந்த உடுப்பையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளிடம் பேசுகிற மாதிரி பாடினார். உச்ச சுரம் வருகிற இடத்திலும் ஏறிக் குதிக்க மாட்டார். கதவைத் திறந்து உள்ளே வருவதுபோல வருவார்.

அட்டை கிழிந்த தட்டு என்பதால் அது விற்கவில்லை. அக்கா வேலையை விட்டபோது கடைக்காரர் அதையும், கண்ணாடி அறையில் இருந்த பழைய பிளேயரையும் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். வேறு நகையோ பாத்திரமோ பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. புது வீட்டுக்குப் போன அன்று அந்தப் பெட்டியை மட்டும் தன் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

இவ்வளவு பத்திரமாகப் போனது, ஒரு மாதத்துக்குள் மேசையிலிருந்து விழுந்தது. தள்ளிவிட்டது யார் என்ற விவாதம் இன்றுவரை முடியவில்லை. பிளேயருக்குள் ஒரு மோட்டார், மோட்டாரின் தண்டில் ஒரு பித்தளை வளையம். அந்த வளையம் ஒரு ரப்பர் சக்கரத்தை உரசிச் சுழற்ற, ரப்பர் சக்கரம் தட்டைச் சுழற்றும். விழுந்ததில் பித்தளை வளையம் உடைந்து எங்கோ தெறித்துவிட்டது. வீடு முழுக்கப் பெருக்கியும் கிடைக்கவில்லை.

"ரிப்பேர் கடைக்குக் கொடுத்துடலாம்" என்றாள் அக்கா.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் அத்தான்.

புது மாப்பிள்ளை. வித்தையைக் காட்ட வேண்டாமா? இளஞ்சிவப்புப் பொடியைக் குழைத்து, மோட்டார் தண்டுக்கு அச்சு எடுத்து, வேகவைத்து, தேய்த்து, ஈறு நிறத்தில் கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு வளையம் செய்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பல் கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் முதலில் கொஞ்சம் தடிப்பாகவே விடுவார்கள். தடிப்பாக இருந்தால் பிறகு தேய்த்துக்கொள்ளலாம், மெலிந்துபோனால் ஒன்றும் செய்ய முடியாது. வாயில் போட்டுப் பழகப் பழகத் தானாகவும் சரியாகிவிடும். அத்தான் வளையத்தையும் அப்படியே கொஞ்சம் தடிப்பாக விட்டார். ஓடி ஓடித் தேய்ந்து சரியாகிவிடும் என்று நினைத்தார். பழைய வளையத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது கையில் இல்லை. அவர் செய்த பொருள் ரப்பருக்கெல்லாம் தேய்கிற பொருளும் இல்லை.

மோட்டார் தண்டில் இருக்கும் வளையம் தடித்தால் தட்டு வேகமாகச் சுற்றும். தட்டு வேகமாகச் சுற்றினால் பாட்டின் ஓட்டமும் கூடும், குரலும் மேலே ஏறும். ரொம்ப இல்லை. பொம்மைக் குரல் ஆகிவிடவில்லை. கொஞ்சம் இளமையாக, கொஞ்சம் பளிச்சென்று, கொஞ்சம் அவசரமாக. அவ்வளவுதான். முதல்முறை கேட்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அத்தான் முதல்முறை கேட்கிறவர். அதுவரை அக்கா போட்டபோதெல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

தான் சரி செய்த பெட்டி என்பதால் அன்றுதான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன். நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அந்தக் கண்ணீர் பொய் இல்லை.

அக்கா மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் அவசரப்படுற மாதிரி இருக்கே. கடையில கேட்டப்போ இப்படி இல்லையே."

"பழைய வளையம் தேய்ஞ்சு போயிருக்கும். இழுத்து இழுத்து ஓடியிருக்கும். இப்பதான் அது ஓட வேண்டிய ஓட்டம் ஓடுது."

"இருக்கும்" என்றாள் அக்கா. அவள் சண்டை போடுகிற ஜாதி இல்லை. அந்தப் பங்கையும் சேர்த்துப் பிறந்தவள் நான்.

அன்றிலிருந்து பாடகருக்கு வீட்டில் ஒரு பெயர் வந்தது. நம்ம ஆளு. அளவு பார்க்க வந்த கிழவர்களையும் கிழவிகளையும் முன்னறையில் உட்காரவைத்து அத்தான் நம்ம ஆளைப் போடுவார். பல் இல்லாத அவர்கள் பாவம், எழுந்து ஓடவும் முடியாது.

"வாயை எப்படித் திறக்கிறாரு கேளுங்க. அண்ணம் முழுக்க இடம் விட்டுப் பாடுறாரு. இந்த மாதிரி திறந்தா நான் செஞ்ச செட்டே கீழ விழுந்துடும். இவருக்குச் சொந்தப் பல்லு. அதான் இவ்ளோ தைரியம்."

அவருடைய ரசனை தொழிலோடு ஒட்டியது, ஆனால் போலி இல்லை. ஒரு சொல்லின் முனை எந்தப் பல்லில் பட்டுத் திரும்புகிறது என்று சொல்வார். எந்த இடத்தில் நாக்கு கீழே படுத்துக் குரலுக்கு வழிவிடுகிறது என்று சொல்வார். சோகமான பாட்டில்கூட ஒரு துள்ளல் இருக்கிறது, அழுகிறவனின் காலில் சலங்கை கட்டினதுபோல என்பார். அந்தத் துள்ளலைத் தன் கையால்தான் செய்து மாட்டியிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பாலிஷ் மெஷினை ஓட்டிக்கொண்டே அவர் கூடப் பாடுவார். அந்தப் பாட்டு அப்படித்தான் என்று அவர் உடம்பு முழுக்க ஏறிவிட்டது.

அக்காவும் பழகிக்கொண்டாள். ஆனால் ஓர் ஆசையை மட்டும் விடாமல் வைத்திருந்தாள்.

"ஒரு தடவை அவரை நேர்ல கேக்கணும். அவரு மூச்சு விடுற அதே காத்துல உட்கார்ந்து கேக்கணும். அப்புறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவள் இப்படி எதையும் கேட்டதே இல்லை. வீடு மாற்றக் கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை. அவர்களுக்கு மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள். அக்கா கேட்டது அந்த ஒன்று மட்டும்தான். நடக்காத ஆசை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

நடந்தது. பாடகருக்கு வயதாகியிருந்தது. பல நாடுகளைச் சுற்றி விடைபெற்றுக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றில் எங்கள் நகரத்துப் பெரிய அரங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். அத்தானிடம் வேலை கொடுக்கும் பல் டாக்டர் இரண்டு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். தன் மாமியாருக்கு அத்தான் செய்த செட் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதற்கு நன்றியாம். மாமியார் மறுபடியும் தெளிவாகப் பேசத் தொடங்கிவிட்டதற்கு ஒருவர் நன்றி சொல்லி நான் அப்போதுதான் பார்த்தேன்.

அக்கா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்லதை உடுத்தி, வாசலில் நின்றபோது அவளைப் பார்க்கப் புதிதாக இருந்தது. நான் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தேன்.

அவர்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தார்கள். அத்தான் உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"போச்சு, சின்னவளே. நம்ம ஆளு முடிஞ்சு போயிட்டாரு."

நடந்தது இது. முதல் பாதியில் ஓபராப் பாட்டுகள். அவை இவர்களுக்குத் தெரியாதவை. அத்தான் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு துறைமுகப் பாட்டுகள் என்று அறிவித்தார்கள். முதலில் எங்கள் தட்டின் முதல் பாட்டு. அது தாழ்வாக வந்தது, மெதுவாக வந்தது. அத்தான் காதில் ஏறியிருந்த பாட்டுக்கும் இதற்கும் நடுவில் ஒரு படி இறக்கம் இருந்தது.

"குரல் போனவங்க என்ன பண்ணுவாங்க? சுருதியை இறக்கிக்குவாங்க. இழுத்து இழுத்துப் பாடுவாங்க. அதையேதான் பண்றாரு. பழைய பேரை வச்சு ஊரை ஏமாத்துறாரு. எனக்குத் தெரியாதா? அவரோட ஒவ்வொரு பல்லும் எனக்குத் தெரியும்."

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியதும் அத்தான் எழுந்து நின்றுவிட்டார். வரிசையில் இருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தார். அக்கா பின்னால் வந்தாள். இதையெல்லாம் அவரே பெருமையாகச் சொன்னார். ஏமாறாமல் தப்பித்து வந்தவரின் பெருமை.

நான் சமையலறைக்குப் போனேன். அக்கா உடை மாற்றாமல் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சுக்கா?"

"ஒரு பாட்டு கேட்டேன்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்து எனக்கு அத்தானை இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. போய்க் கேட்டேன். இரண்டில் நிற்கவில்லை. அவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

மறுநாள் டாக்டர் அச்சுகளைக் கொடுக்க வந்தார்.

"எங்கே போனீங்க? உங்க ரெண்டு இடமும் காலியா இருந்துச்சே. பின்பாதியிலதான் மனுஷன் உருக்கிட்டாரு. எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. திரும்பத் திரும்ப வந்து பாடினாரு."

"அது பழைய பேருக்குக் கிடைச்ச கைதட்டல், டாக்டர்" என்றார் அத்தான்.

தேநீர் கொண்டுவந்த அக்கா தட்டோடு நின்றாள். "கப்பல்ல போறவனோட பாட்டு பாடினாரா?"

"எது?"

அக்கா மெல்லிய குரலில் அதன் மெட்டை இரண்டு வரி முனகிக் காட்டினாள். மெதுவாகத்தான் முனகினாள்.

"ஓ, அதுவா? கடைசியில அதைத்தான் பாடினாரு."

அக்கா தலையாட்டிவிட்டு அவருக்குத் தேநீரைக் கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அத்தானின் பேச்சில் ஒரு புது அத்தியாயம் சேர்ந்தது. பல் அளவு பார்க்க வந்தவர்களுக்குத் தட்டைப் போட்டுவிட்டு, "இதுதான் அசல். நேர்ல போய்க் கேட்டேன், ஒண்ணும் இல்லை" என்பார். மறுபடி மறுபடி சொன்னார். சில வருடம் கழித்துப் பாடகர் இறந்த செய்தி பேப்பரில் வந்தது. அத்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அவரு எனக்கு அன்னிக்கே போயிட்டாரு" என்றார். அக்கா அந்தப் பேப்பரை வாங்கி அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடித்து வைத்தாள். இனி நேரில் கேட்பது என்ற பேச்சே இல்லை என்று ஆகிவிட்டது.

அடுத்து அவள் காது போகத் தொடங்கியது. முதலில் வாசல் மணி கேட்கவில்லை. பிறகு அடுப்பில் தண்ணீர் கொதிப்பது கேட்கவில்லை. நரம்பு தளர்ந்துவிட்டது என்றார் காது டாக்டர். கருவி வைத்தார்கள். இடது பக்கம் நெருங்கி உட்கார்ந்து பேசினால் பேச்சு மட்டும் பிடிபடும். பாட்டைப் போட்டால் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கிறது என்றாள். கொஞ்ச நாள் முயன்று பார்த்துவிட்டு, "அவரை இப்படிக் கேக்க வேண்டாம்" என்று விட்டுவிட்டாள். மகள் கல்யாணமாகி வெளிநாடு போனாள். அத்தானுக்குக் கை நடுக்கம் வந்து வேலையை நிறுத்தினார். பிளேயர் ஒருநாள் கரகரவென்று சத்தம் போட்டு நின்றது.

கை சரியாக இருந்திருந்தால் அவரே திறந்திருப்பார். நான்தான் ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தேன். பழைய பிளேயர்களை மட்டும் சரி செய்கிற ஆள். காலையில் வந்து, முன்னறை மேசையில் பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இது என்ன சார், பல் செட் மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கு?"

"நான் செஞ்சது" என்றார் அத்தான் நிமிர்ந்து. "இத்தனை வருஷமா ஒரு கீறல் விழலை பாருங்க."

"வேலை சுத்தமா இருக்கு. ஆனா அளவு தப்பு, சார்."

மெக்கானிக் ஒரு வட்டக் காகிதத்தை எடுத்தார். ஓரம் முழுக்கக் கறுப்புக் கோடுகள். அதைச் சுற்றும் தட்டின் மேல் வைத்து விளக்கொளியில் பார்க்க வேண்டும். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தெரியும். நின்றுபோன மோட்டாரைத் துடைத்து எண்ணெய் விட்டு, அத்தானின் வளையத்தோடு ஒரு தடவை ஓட்டிக் காட்டினார். கோடுகள் முன்னால் ஓடின.

"பாருங்க, எவ்ளோ வேகம். இவ்ளோ நாளா நீங்க கேட்டது எல்லாமே ஒரு படி மேல இருந்திருக்கும்."

மெக்கானிக் பித்தளை வளையத்தை மாட்டினார். இப்போது கோடுகள் நின்றன. பிறகு, எது கைக்கு வந்ததோ அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று, கிழிந்த அட்டையிலிருந்து அந்தத் தட்டை எடுத்துப் போட்டார்.

முதல் பாட்டு வந்தது. தாழ்வாக, மெதுவாக, ஒரு சொல்லையும் விரட்டாமல் வந்தது. துள்ளல் எதுவும் இல்லை. எனக்கு அது புதுப் பாட்டு மாதிரி இருந்தது. அக்கா எப்போதோ சொன்னாளே, போகிறவனைப் போக விட்டுப் பாடுகிறார் என்று, அது இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவ்வளவு பெரிய குரல், அதன் பாரமெல்லாம் தெரிந்தது, ஆனால் அந்தப் பாரத்தை அவர் யார் மேலும் வைக்கவில்லை. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அரங்கத்துல இப்படித்தான் இருந்துச்சு, சின்னவளே" என்றார். "அச்சு அசலா இப்படித்தான்."

அவரைத் திட்டுவதற்கு நான் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. வயதான ஒரு மனிதர் தான் நேசித்த ஒன்றைத் தன் கையாலேயே கெடுத்து, கெட்டதையே நேசித்து, நல்லது எதிரே வந்து நின்றபோது அதை ஏமாற்று என்று சொல்லி எழுந்து வந்திருக்கிறார். வந்தவர் தனியாகவும் வரவில்லை. இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

மெக்கானிக் சாமான்களை எடுத்து வைத்துவிட்டுப் போனார். அத்தான் பாட்டை நிறுத்தவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அக்கா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தார். காதருகில் குனிந்து வளையத்தைப் பற்றிச் சொன்னார், கோடுகளைப் பற்றிச் சொன்னார். அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"அன்னிக்கு அவரு சரியாத்தான் பாடியிருக்காரு" என்று முடித்தார். "நான்தான்..."

"தெரியும்" என்றாள் அக்கா.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. வாயைத் திறந்ததுமே. கடையில கேட்ட அதே குரல்."

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் எழுந்து வந்தே? நீ உட்கார்ந்து கேட்டிருக்கலாமே. நான் வெளியில நின்னிருப்பேனே."

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கோபம் என் பங்கு.

"நீங்க எழுந்து நின்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி பேசிட்டு இருந்தீங்க. உட்காருங்கன்னு சொன்னா இன்னும் சத்தம் போடுவீங்க. அந்தப் பக்கம் அவரு பாடிட்டு இருந்தாரு. அவரு பாட்டுல உங்க சத்தம் விழக் கூடாதுன்னுதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

அத்தான் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுக்கத்தை மறைக்க அவர் அப்படித்தான் செய்வார். அக்கா ஒரு துணியை உதறி மடிக்கத் தொடங்கினாள்.

"பெட்டி சரியாயிடுச்சுல்ல? போய்ப் போட்டுக் கேளுங்க" என்றாள். "நானாவது கடையில கேட்டுட்டேன், அங்க ஒரு பாட்டு கேட்டுட்டேன். நீங்கதான் அவரை இன்னும் கேக்கவே இல்லை."

முன்னறையில் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். கப்பலில் போகிறவனின் பாட்டு தொடங்கியிருந்தது. நாங்கள் இருந்த இடம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அக்காவுக்கு அது தெரியாது. தெரியாமலே அத்தானைப் பார்த்து, போங்கள் என்று தலையை அசைத்தாள். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவளிடம் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.